அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களும் தந்தையை இழந்த குழந்தைகளும்

அல்லாஹுத் தஆலா மனிதர்களிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதங்கள் பல. அவற்றுள் தன் குறையைத் தானே வாய் திறந்து சொல்ல இயலாத அமானிதம் குழந்தையாகும். பொருளை அமானிதமாக வாங்கியவன் அதைப் பாழாக்கினால் பொருளுக்குரியவன் வந்து கேட்பான். குழந்தையைப் பாழாக்கினால் தந்தை கேட்பான். அத்தந்தையும் மறைந்துவிட்டால் கேட்பவர் யார்?

ஒரு வீட்டின் தலைவர் இளவயதில் மவுத்தாகிவிட்டால், மையித்தை அடக்கிவிட்டு வந்த சில நாட்களிலேயே பேச்சு தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் எங்கள் வமிசத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களை விடமாட்டோம் என்கிறார்கள் தந்தை வழியார். எங்கள் பெண்ணை நாங்கள் அழைத்துப் போகிறோம் என்கிறார்கள் தாய் வழியார். நம் ஊர்களில் இது நாம் காணாத காட்சியல்ல. இரு தரப்பாரும் உரிமையைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு நடு இரவில் காய்ச்சல் கண்டால் விழித்திருந்து பார்க்கப் போவது யார் என்பதை மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

இந்த வேதனை முழுவதையும் தம் வாழ்வில் அனுபவித்த தாய் ஒருவர் நமக்கு முன்மாதிரியாக இருக்கிறார்கள். முஃமின்களின் அன்னையருள் ஒருவரான உம்மு ஸலமா (ரலி) அவர்களே அவர்கள். அன்னையவர்களின் வரலாற்றை நம்மில் பலர் படித்திருப்போம். ஆயினும் அவர்களுடைய குழந்தைகளின் வரலாற்றைத் தனியே எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. அதையே இங்கு நாம் எழுத முற்படுகிறோம்.

குலமும் குடும்பமும்

அன்னையவர்களின் இயற்பெயர் ஹிந்த். குறைஷிக் குலத்தின் செல்வமிக்க பிரிவுகளுள் ஒன்றான பனூ மக்ஸூமில், அபூ உமைய்யா என்பவரின் மகளாகப் பிறந்தார்கள். தந்தையார் பெரும் கொடையாளர். அவருடன் பிரயாணம் செய்பவர்கள் கட்டுச்சோறு எடுத்துச் செல்லத் தேவையில்லை. அனைவருக்கும் அவரே உணவளிப்பார். அதனால் பிரயாணிகளின் கட்டுச்சோறு என்றே அவருக்குப் பட்டப்பெயர் ஏற்பட்டது.

அன்னையவர்களை மணந்தவர் அதே மக்ஸூம் குலத்து அபூ ஸலமா (ரலி) அவர்கள். இவர்களின் தாயார் பர்ரா, அப்துல் முத்தலிபின் மகளாவார். ஆகவே அபூ ஸலமா நாயகம் (ஸல்) அவர்களுக்கு அத்தை மகன் முறையாவார்கள். அதோடு, ஸுவைபா என்ற பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களுக்கும், ஹம்ஸா (ரலி) அவர்களுக்கும், அபூ ஸலமாவுக்கும் பாலூட்டியிருந்தார்கள். எனவே இம்மூவரும் பால்குடிச் சகோதரர்கள். இந்த உறவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது பின்னால் இரண்டு இடங்களில் வரப்போகிறது.

தம்பதியர் இருவரும் இஸ்லாத்தின் ஆரம்ப நாட்களிலேயே ஈமான் கொண்டு, குறைஷிகளின் கொடுமை தாளாமல் ஹபஷா நாட்டுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். பின்னர் மக்கா திரும்பியபோது, சொந்தக் குலத்தாரே அபூ ஸலமாவைத் துன்புறுத்த முனைந்தார்கள். அப்போது தாய்மாமனான அபூ தாலிப் அவருக்குப் பாதுகாப்பளித்தார். மக்ஸூம் குலத்தார் வந்து வாதாடியபோது, தம் சகோதரனின் மகனைக் காப்பாற்றுகிற தாம் சகோதரியின் மகனைக் கைவிட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கால அரபு நாட்டில் காவல்துறை கிடையாது, நீதிமன்றம் கிடையாது. ஒருவனுடைய உயிருக்குக் காவல் அவனுடைய உறவினர்தாம். ஆனால் அதே உறவு காவலாக நிற்பதற்குப் பதிலாகக் கொடுமையாக மாறினால் என்ன நடக்கும் என்பதை அக்குடும்பம் விரைவில் கண்டது.

இரு தரப்பாருக்கிடையே ஒரு குழந்தை

மதீனாவுக்குச் செல்ல முடிவு செய்த அபூ ஸலமா (ரலி) அவர்கள் ஒட்டகத்தை ஆயத்தம் செய்து, மனைவியை அதில் ஏற்றி, மகன் ஸலமாவைத் தாயின் மடியில் வைத்து, கயிற்றைப் பிடித்துப் புறப்பட்டார்கள். மனைவியின் குடும்பத்தாரான பனூ முகீராவினர் இதைப் பார்த்துவிட்டார்கள். நீர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எங்கள் பெண்ணை ஊர் ஊராகக் கொண்டு திரிய விடமாட்டோம் என்று கூறி, ஒட்டகக் கயிற்றைப் பறித்து அன்னையவர்களை இழுத்துச் சென்றார்கள்.

இதைக் கேட்டதும் கணவரின் குடும்பத்தாரான பனூ அப்துல் அஸதினருக்குக் கோபம் மூண்டது. நீங்கள் எங்கள் ஆளிடமிருந்து பெண்ணைப் பறித்தால், எங்கள் பிள்ளையை அவளிடம் விட்டுவைக்க மாட்டோம் என்று கிளம்பி வந்தார்கள். ஒரு தரப்பார் குழந்தையை இப்புறம் இழுத்தார்கள். மறு தரப்பார் அப்புறம் இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் அப்பிஞ்சுக் குழந்தையின் கை மூட்டு விலகிவிட்டது. முடிவில் தந்தை வழியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இழுத்தவர்கள் யார்? அந்நியர்களல்லர். இரு தரப்பாரும் ஒரே மக்ஸூம் குலத்தின் கிளைகள். குழந்தைக்கு ஒருவர் பாட்டனார் வழி. மற்றவர் தாய் மாமன் வழி. குழந்தைமீது வெறுப்புக் கொண்டு இழுத்தவர்களும் அல்லர். எங்களுடையது என்ற எண்ணத்தால் இழுத்தார்கள். அவ்வளவு உறவினர் சூழ இருந்தும் அக்குழந்தையின் கை காப்பாற்றப்படவில்லை. உறவினரின் எண்ணிக்கை மட்டும் குழந்தையைக் காத்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அப்தஹ் வெளியில்

கணவர் மதீனாவில், குழந்தை கணவர் வீட்டாரிடம், தாய் பிறந்தகத்தில். மூவரும் மூன்று இடங்களில் பிரிக்கப்பட்டார்கள். அன்னையவர்கள் ஒவ்வொரு நாளும் காலையில் அப்தஹ் என்னும் வெட்டவெளிக்குச் சென்று அமர்ந்து, மாலை வரை அழுதுகொண்டிருப்பார்கள். ஓராண்டு, அல்லது ஏறக்குறைய ஓராண்டு இப்படியே கழிந்தது.

ஒருநாள் அவ்வழியே சென்ற அவர்களின் சிறிய தந்தை வழிச் சகோதரர் ஒருவர், அவர்களின் நிலையைப் பார்த்து மனமிரங்கினார். பனூ முகீராவினரிடம் சென்று, கணவனையும் மகனையும் பிரித்து இந்த ஏழையை ஏன் வாட்டுகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் மனம் இளகி, விரும்பினால் கணவரிடம் போகலாம் என்று அனுமதித்தார்கள். அதன்பின் பனூ அப்துல் அஸதினரும் குழந்தையைத் திருப்பித் தந்தார்கள்.

ஓராண்டு காலம் இரு குடும்பத்துப் பெரியவர்களும் செய்யாததை, மனச்சாட்சியுள்ள ஒரு தனி மனிதரின் ஒரு வார்த்தை செய்தது. குடும்பத் தகராறுகளில் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கி நிற்கும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உறவில்லாத ஒருவரின் துணை

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, துணைக்கு ஒருவருமின்றி, சுமார் 450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதீனாவை நோக்கி அன்னையவர்கள் ஒட்டகத்தில் புறப்பட்டுவிட்டார்கள். மக்காவை அடுத்த தன்யீமில் உஸ்மான் இப்னு தல்ஹா என்பவர் அவர்களைச் சந்தித்தார். அப்போது அவர் முஸ்லிமாகவில்லை. அன்னையவர்களின் குலத்தவரும் அல்லர். தனியாகவா செல்கிறீர்கள் என்று விசாரித்தவர், அல்லாஹ்வையும் இக்குழந்தையையும் தவிர வேறு துணையில்லை என்றறிந்ததும், இவ்வாறு விட்டுவிடுவது தகாது என்று ஒட்டகக் கயிற்றைத் தாமே பிடித்துக்கொண்டார்.

தங்குமிடம் வந்ததும் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, தாம் விலகிப் போய்விடுவார். அன்னையவர்கள் இறங்கிய பிறகு வந்து ஒட்டகத்தைக் கொண்டுபோய் மரத்தில் கட்டிவிட்டு, தூரத்தில் வேறொரு மரத்தடியில் படுத்துக்கொள்வார். புறப்படும் நேரத்தில் ஒட்டகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, அவர்கள் ஏறும்வரை விலகி நிற்பார். குபாவை நெருங்கியதும், உம் கணவர் இவ்வூரில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மக்கா திரும்பினார். அவரைவிடக் கண்ணியமான வழித்துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னையவர்கள் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்வார்கள். உஸ்மான் இப்னு தல்ஹா பிறகு இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது நாயகம் (ஸல்) அவர்கள் கஃபாவின் சாவியை ஒப்படைத்தது இவர்களிடம்தான்.

இரத்த உறவினர் கையைப் பிடித்து இழுத்தார்கள். உறவில்லாதவர் கயிற்றைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முன்னவர்கள் உரிமை கொண்டாடினார்கள், பின்னவர் பொறுப்பேற்றார். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையே அன்னையவர்களின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம்.

உஹதுக்குப் பின்

மதீனாவில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. ஸலமா, உமர், துர்ரா, ஸைனப் என்று நான்கு குழந்தைகள் அவர்களுக்கு. அபூ ஸலமா (ரலி) அவர்கள் பத்ரில் கலந்துகொண்டார்கள். ஹிஜ்ரி 3-ல் (கி.பி. 625) நடந்த உஹதுப் போரில் கையில் காயமடைந்தார்கள். காயம் மேலுக்கு ஆறியது. அடுத்த ஆண்டு முஹர்ரமில் 150 பேர் கொண்ட படைக்குத் தலைமையேற்றுச் சென்று திரும்பியபின் அது மீண்டும் வெடித்தது. ஹிஜ்ரி 4, ஜமாதுல் ஆகிரில் வஃபாத்தானார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வந்து, தம் கரத்தால் அவர்களின் கண்களை மூடி, அவர்கள் விட்டுச் செல்லும் குடும்பத்துக்காகவும் துஆச் செய்தார்கள்.

கணவர் உயிருடன் இருந்தபோது, நம் இருவரில் யார் முந்தினாலும் மற்றவர் மறுமணம் செய்துகொள்ளாமல் இருப்போம் என்று அன்னையவர்கள் உடன்படிக்கை செய்துகொள்ள விரும்பியதாகவும், அபூ ஸலமா அதை ஏற்காமல், தமக்குப்பின் மணந்துகொள்ளும்படி கூறி, தம்மைவிடச் சிறந்தவரை அவர்களுக்கு வழங்கும்படி துஆச் செய்ததாகவும் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. தம் மரணத்துக்குப் பிறகு மனைவி மக்கள் எப்படி வாழ்வார்கள் என்பதைக் கணவர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

உஹதில் மட்டும் எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அச்சிறிய ஊரில் விதவைகளும் எத்தீம்களும் திடீரென்று பெருகினார்கள். எத்தீம்களின் சொத்தைத் தம் சொத்தோடு கலந்து உண்ணக்கூடாது, அவர்கள் பக்குவமடைந்ததும் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும், அநியாயமாக அதை உண்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்னும் கருத்துள்ள அன்னிஸா அத்தியாயத்தின் கட்டளைகளை இப்பின்னணியில் வைத்துப் படித்தால் அவற்றின் கனம் நமக்குப் புரியும்.

மூன்று தயக்கங்கள்

இத்தா முடிந்தபின் அபூபக்ர் (ரலி) அவர்களும், உமர் (ரலி) அவர்களும் அன்னையவர்களை மணக்கக் கேட்டார்கள். அன்னையவர்கள் இணங்கவில்லை. பிறகு நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்தே நிக்காஹ் பேச்சு வந்தது. உலகில் எந்தப் பெண்ணுக்கும் கிடைத்தற்கரிய பாக்கியம் அது. அப்போதும் அன்னையவர்கள் உடனே சம்மதிக்கவில்லை. தமக்கு ரோஷம் அதிகம், தமக்குச் சிறு குழந்தைகள் இருக்கின்றன, தம்முடைய வலீமார்கள் எவரும் இங்கில்லை என்று மூன்று தயக்கங்களைத் தெரிவித்தார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பினார்கள். ரோஷம் நீங்க துஆச் செய்வதாகவும், குழந்தைகளின் பொறுப்பு அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் சார்ந்தது என்றும், இங்கிருக்கும் வலீயோ தூரத்திலிருக்கும் வலீயோ எவரும் இதை வெறுக்கமாட்டார்கள் என்றும் தெரிவித்தார்கள். அதன் பின்னரே அன்னையவர்கள் சம்மதித்தார்கள். ஹிஜ்ரி 4, ஷவ்வாலில் நிக்காஹ் நடந்தது.

அன்னையவர்களின் தயக்கம் வீண் தயக்கமா? ஒருபோதும் இல்லை. மாற்றாந் தந்தை வரும் வீட்டில் முன் கணவரின் குழந்தைக்கு ஆபத்து நேரலாம் என்பது தாய்மார்கள் என்றும் அறிந்த உண்மை. கனடா நாட்டு ஆய்வாளர்களான மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் என்னும் இருவர் 1980-களில் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்து, பெற்ற தந்தை தாயோடு வாழும் சிறு குழந்தைகளைவிட மாற்றாந் தந்தையோ தாயோ உள்ள வீட்டுக் குழந்தைகள் அடி உதைக்கும் கொலைக்கும் ஆளாகும் அபாயம் பன்மடங்கு அதிகம் என்று எழுதினார்கள். ஆயினும் மாற்றாந் தந்தையரில் மிகப் பெரும்பாலோர் எத்தீங்கும் செய்யாதவர்கள் என்பதையும் மறக்கலாகாது. எனவே மறுமணமே கூடாது என்பது முடிவல்ல. குழந்தையைப் பற்றி முன்கூட்டியே கேட்பதும், வாக்குறுதி பெறுவதும் தாயின் கடமை. மனம் கோணாமல் பதில் சொல்வது மணக்க வருபவரின் கடமை. இதுவே முடிவு.

நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில்

அன்னையவர்கள் புகுந்த வீடு செல்வம் கொழித்த வீடன்று. சற்று முன் மறைந்த அன்னை ஸைனப் பின்த் குஸைமா (ரலி) அவர்கள் வாழ்ந்த அறையே அது. ஒரு சாடியில் கொஞ்சம் வாற்கோதுமை, ஒரு திரிகைக்கல், ஒரு கல்சட்டி, சிறிது கொழுப்பு ஆகியவையே அங்கு இருந்தன. மணப்பெண்ணாக வந்த இரவிலேயே அன்னையவர்கள் கோதுமையைத் திரித்து உணவு சமைத்தார்கள். எத்தீம்களை ஏற்பதற்கு வசதி போதவில்லை என்று கூறும் நாம் இந்த அறையை மனக்கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைக்குட்டி ஸைனப் அப்போது பால்குடிக் குழந்தை. நாயகம் (ஸல்) அவர்கள் வரும்போது தாய் பாலூட்டிக்கொண்டிருந்தால், கூச்சத்தோடு திரும்பிச் சென்றுவிடுவார்கள். குழந்தையை அப்புறப்படுத்தும்படி அவர்கள் ஒருமுறையும் சொன்னதில்லை. இதையறிந்த அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்கள், அன்னையவர்களின் பால்குடிச் சகோதரர் என்ற முறையில், குழந்தையைப் பாலூட்ட வேறிடம் கொண்டுசென்றார்கள். அடுத்து வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தையின் செல்லப் பெயரைச் சொல்லி, எங்கே அவள் என்று விசாரித்தார்கள். அக்குழந்தைக்கு முன்பு பர்ரா என்றிருந்த பெயரை மாற்றி ஸைனப் என்று சூட்டியதும் நாயகம் (ஸல்) அவர்களே.

சிறுவர் உமரைப் பற்றிய ஹதீஸ் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படுவது. நாயகம் (ஸல்) அவர்களுடன் ஒரே தட்டில் உண்ணும்போது அச்சிறுவரின் கை தட்டின் எல்லாப் பக்கமும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் உண், உனக்கு அருகிலிருப்பதை உண் என்று அவருக்கு அன்புடன் கற்றுக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆகிவிட்டதாக உமர் (ரலி) அவர்கள் பெரியவரானபின் அறிவித்தார்கள். உணவு ஒழுக்கத்துக்கு ஆதாரமாக இதை எடுத்துக்கொள்கிறோம். அது சரியே. ஆனால் அதனுள்ளே மற்றொரு பாடமும் இருக்கிறது. இன்னொருவருக்குப் பிறந்த எத்தீம் பிள்ளை வீட்டுத் தலைவரின் தட்டிலேயே கை வைத்து உண்கிறான். கையைத் தட்டிவிட்டு முறைப்பவர் அங்கில்லை. தவறு செய்யும் துணிவு அப்பிள்ளைக்கு இருந்தது என்றால், அங்கே அவன் அச்சமின்றி வாழ்ந்தான் என்று பொருள்.

ஒருமுறை அன்னையவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம், அபூ ஸலமாவின் பிள்ளைகளுக்காகத் தாம் செலவு செய்வதற்கு நன்மை உண்டா, அவர்களைத் தாம் கைவிட இயலாது, தம் பிள்ளைகள்தாமே என்று கேட்டார்கள். அவர்களுக்காகச் செலவிடுவதற்கு நிச்சயமாக நற்கூலி உண்டு என்று பதில் கிடைத்தது. எத்தீம்களுக்குச் சோறு போடும் தாய்மார்களே, உங்கள் அடுப்படி உழைப்பு வீணாகவில்லை என்பதற்கு இதைவிட என்ன நற்செய்தி வேண்டும்?

மூத்த பெண் துர்ரா விஷயத்தில் உறவின் எல்லையும் வரையறுக்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் துர்ராவை மணக்கப் போவதாக யாரோ பேசியது அவர்கள் செவிக்கு எட்டியபோது, அவள் தம் மனைவியின் மகள், அப்படி இல்லாவிட்டாலும் தம் பால்குடிச் சகோதரரின் மகள், ஆகவே இரு வகையிலும் தமக்கு ஆகுமானவள் அல்லள் என்று தெளிவுபடுத்தினார்கள். தாயை மணந்து இல்லறம் நடத்தியவனுக்கு அவளுடைய முன் கணவரின் மகள் என்றென்றைக்கும் ஹராம் என்று குர்ஆன் விதித்திருப்பது, தந்தையை இழந்த பெண்குழந்தை வேறொரு கூரையின்கீழ் பயமின்றி உறங்குவதற்காக இடப்பட்ட வேலியல்லவா!

ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள்

உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் மக்காவிலேயே இருந்துவிட்டாள். ஹிஜ்ரி 7-ல் நாயகம் (ஸல்) அவர்கள் உம்ராவை முடித்துப் புறப்பட்டபோது அச்சிறுமி, சாச்சா சாச்சா என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். அலீ (ரலி) அவர்கள் அவளைக் கையில் பிடித்து, ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

பிறகு அவளை வளர்ப்பது யார் என்று மூவருக்கிடையே போட்டி எழுந்தது. அவள் தம் சிறிய தந்தையின் மகள், அழைத்து வந்தவரும் தாமே என்றார்கள் அலீ. தமக்கும் அதே உறவு உண்டு, அவளுடைய தாயின் சகோதரி அஸ்மா தம் மனைவி என்றார்கள் ஜஃபர். ஹம்ஸாவும் தாமும் சகோதரர்களாக இணைக்கப்பட்டவர்கள், ஆகவே அவள் தம் சகோதரனின் மகள் என்றார்கள் ஸைத். நாயகம் (ஸல்) அவர்கள் தாயின் சகோதரி தாயின் ஸ்தானத்தில் இருப்பவள் என்று கூறி, சிறுமியை ஜஃபரின் வீட்டில் ஒப்படைத்தார்கள். மற்ற இருவர் மனமும் நோகாதபடி, மூவரையும் புகழ்ந்து பேசி அனுப்பினார்கள்.

ஸலமாவையும் இருதரப்பார் இழுத்தார்கள்; இச்சிறுமிக்கும் மூவர் போட்டியிட்டார்கள். அங்கே கேட்கப்பட்டது குழந்தை யாருடைய சொத்து என்பது. இங்கே கேட்கப்பட்டது குழந்தையை யார் சுமப்பது என்பது. தீர்ப்பும், எந்த ஆணின் உரிமை பெரிது என்று பார்க்காமல், எந்த வீட்டில் அவளுக்குத் தாயின் மடி கிடைக்கும் என்று பார்த்தே வழங்கப்பட்டது. ரெபெக்கா ஸியர், ரூத் மேஸ் என்னும் இரு மானிடவியல் அறிஞர்கள் பல நாட்டுச் சமுதாயங்களைத் திரட்டி ஆராய்ந்து, சிறு குழந்தை உயிர் பிழைப்பதில் தாயின் இழப்பே மிகப் பெரிய அடி என்றும், தாய்வழிப் பாட்டி போன்றோரின் உதவி பெரும்பாலும் குழந்தையைக் காக்கிறது என்றும் 2008-ல் எழுதினார்கள். நம் மார்க்கத் தீர்ப்பு உண்மையென்று நம்புவதற்கு இந்த ஆராய்ச்சி நமக்குத் தேவையில்லை. எனினும் படித்த நம் இளைஞர்கள் இதையும் அறிந்துகொள்வது நன்று.

இவ்விரு வரலாறுகளும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. ஹம்ஸாவின் மகளை மணந்துகொள்ளலாமே என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, அவள் தம் பால்குடிச் சகோதரரின் மகள் என்று மறுத்துவிட்டார்கள். பின்னர் அப்பெண்ணை அன்னை உம்மு ஸலமாவின் மூத்த மகன் ஸலமாவுக்கு மணம் பேசி முடித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மக்கா வீதியில் கை மூட்டு விலகக் கதறிய அந்தக் குழந்தைக்கு அல்லாஹ் எழுதிவைத்த நஸீபைப் பாருங்கள்!

சட்ட நூல்களில்

பிரிந்த கணவர் தன் குழந்தையைப் பறிக்க நினைப்பதாக முறையிட்ட ஒரு தாயிடம், நீ மறுமணம் செய்யாதவரை குழந்தைக்கு நீயே அதிக உரிமையுடையவள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. இதை வைத்து, அந்நியரை மணந்துகொண்டால் தாயின் வளர்ப்புரிமை நீங்கி, அடுத்த உறவுப் பெண்ணுக்குப் போகும் என்று பெரும்பாலான இமாம்கள் கூறுகிறார்கள். மறுமணத்தால் தாயின் உரிமை நீங்காது என்று கூறியவர்களும் உண்டு. அவர்கள் அன்னை உம்மு ஸலமாவின் குழந்தைகள் தாயுடனேயே வளர்ந்ததை ஆதாரம் காட்டுகிறார்கள். குழந்தைகளைக் கேட்டு எவரும் வழக்குக் கொண்டுவராததால் அப்படி நடந்தது என்பது மற்றவர்களின் பதில். தங்கள் வீட்டில் இப்பிரச்சினை எழுந்தால், தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டு அறிந்துகொள்வதே முறை.

மறுமணத்துக்குப் பின்னும் தாயின் உரிமை நிலைக்கும் என்ற கருத்து ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களுடையதாகவும் நூல்களில் காணப்படுகிறது. அவர்களின் தாயார் கைரா அன்னையவர்களின் இல்லத்தில் பணிபுரிந்தவர்கள். தாயார் வெளியே சென்ற வேளைகளில் குழந்தை ஹஸன் அழுதால், அன்னை உம்மு ஸலமாவே அதைத் தம் மார்போடணைத்துத் தேற்றுவார்கள் என்று எழுதப்பட்டுள்ளது. தம் குழந்தைகள் வளர்ந்தபிறகும் அந்த மடி பிறர் குழந்தைகளுக்காகத் திறந்தே இருந்தது.

பிற்காலம்

ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில், உடன்படிக்கையால் மனமுடைந்திருந்த ஸஹாபாக்கள் குர்பானி கொடுக்கத் தயங்கியபோது, தாங்களே முதலில் அறுத்துத் தலைமுடி களையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஆலோசனை கூறியவர்கள் அன்னையவர்களே. 378 ஹதீஸ்கள் அவர்கள் மூலம் அறிவிக்கப்பட்டுள்ளன. நாயகத்தின் மனைவியருள் கடைசியாக மறைந்தவர்கள் அவர்களே. வஃபாத்தான ஆண்டு ஹிஜ்ரி 59 என்றும், 61 அல்லது 62 என்றும் கருத்துகள் உள்ளன. ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

பிள்ளைகள் என்னவானார்கள்? உமர் (ரலி), அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைன் ஆளுநராகப் பணியாற்றினார்கள். பால்குடிக் குழந்தையாக வந்த ஸைனப் (ரலி), தம் காலத்து மதீனாப் பெண்களுள் மார்க்கச் சட்டத்தில் மிகத் தேர்ந்தவர் என்று போற்றப்பட்டார்கள். புகாரி, முஸ்லிம் நூல்களில் அவர்களின் அறிவிப்புகள் உள்ளன. எத்தீம்கள் உயிர் பிழைத்தார்கள் என்பதோடு நிற்கவில்லை. உம்மத்துக்கு வழிகாட்டிகளாகவும் ஆனார்கள்.

நாம் செய்ய வேண்டுவது

அன்புச் சகோதர சகோதரிகளே! கூட்டுக் குடும்பம் குழந்தைக்கு நல்லதா, தனிக் குடும்பம் நல்லதா, தாய் மறுமணம் செய்வது நல்லதா, செய்யாமலிருப்பது நல்லதா என்று நாம் வாதிடுகிறோம். அன்னையவர்களின் வாழ்வைப் பார்த்தால் எல்லா வகைக் குடும்பமும் அதில் இருக்கிறது. பெரும் குலம் சூழ இருந்தபோது குழந்தையின் கை முறுக்கப்பட்டது. ஒற்றைத் தாயாக வழி நடந்தபோது ஒரு நல்லவரால் காக்கப்பட்டது. மாற்றாந் தந்தையின் வீட்டில் அது மிகச் சிறப்பாக வளர்ந்தது. குடும்பத்தின் உருவம் எதுவாயினும், அக்குழந்தை என் பொறுப்பு, நாளை மறுமையில் நான் பதில் சொல்ல வேண்டும் என்று அஞ்சுகிற ஒருவராவது அதில் இருக்க வேண்டும். இருந்தால் குழந்தை பிழைக்கும்.

நம் குடும்பத்தில் ஒரு குழந்தை தந்தையை இழந்தால், நாம் முதலில் பேச வேண்டுவது மூன்று. அக்குழந்தை யார் மடியில் உறங்கும்? அதன் செலவை மாதாமாதம் யார் தருவார்? அதன் சொத்துக்கு எழுத்தும் சாட்சியும் உண்டா? இம்மூன்றையும் பேசி முடித்த பிறகு, வமிசத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேச நேரமிருந்தால் பேசிக்கொள்ளலாம். இளம் விதவை மறுமணம் செய்ய விரும்பினால், குழந்தையைப் பிணையாக வைத்து அவளைத் தடுக்கவும் கூடாது. குழந்தையை மறந்துவிட்டு அவளை அனுப்பவும் கூடாது. மணக்க வருபவரிடம் குழந்தையைப் பற்றி நேருக்கு நேர் கேளுங்கள். நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்கப்பட்ட கேள்வி அது. வேறெவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

நம் பொறுப்பிலுள்ள குழந்தைகள் அனைவரையும் அமானிதம் தவறாமல் வளர்த்து ஆளாக்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.